ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு மரபு மாதம்: நியாயமா, பயன் உண்டா?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஜனவரியில் தமிழ் மரபுத் திங்கள், பெப்ரவரியில் கறுப்பர் வரலாற்று மாதம், மே மாதத்தில் ஆசிய மரபு மாதம் என்று கனடாவில் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு மாதம் கொடுப்பது நியாயமா, அப்படியென்றால் வெள்ளையருக்கு ஏன் இல்லை என்பது ஒன்று. பத்தாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன் “இந்த வருசமும் வேட்டியா?” என்று அலுத்துக்கொண்டதை நடுவில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்களை எழுத வைத்தது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். இந்தக் கொண்டாட்டத்தால் அவனுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் இரண்டாவது கேள்வி.

நான் ரொறன்ரோப் பகுதியில் 22 வருடங்கள் வரலாறும் சமூகக்கல்வியும் படிப்பித்தவன். மரபு மாதக் குழுக்களில் வடைக்குக் காசு சேர்த்தது முதல், மேடையில் யார் முதலில் குத்துவிளக்கு ஏற்றுவது என்று நடந்த சண்டையைத் தீர்த்து வைத்தது வரை எல்லாம் செய்திருக்கிறேன். சட்டம் படித்தவன் இல்லை. அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் நடக்கும் விழாக்களில் எனக்கு அனுபவம் கிடையாது. ஆகவே கீழே எழுதுவதைப் பள்ளிக்கூடத்து மனிதன் ஒருவனின் பார்வையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், சந்தேகத்துக்கு இடமில்லாதவை. தமிழ் மரபுத் திங்களை ஒன்ராறியோ மாகாணம் 2014-இல் சட்டமாக்கியது. 2016 அக்டோபர் 5 அன்று கனடிய நாடாளுமன்றத்தின் கீழவை அதையே ஒரு தீர்மானமாக நிறைவேற்றியது. இரண்டினாலும் யாருக்கும் விடுமுறை இல்லை, சம்பளம் கூடவில்லை, பல்கலைக்கழக இடம் ஒதுக்கப்படவில்லை. ‘இந்த மாதத்தில் இவர்களை நினைவுகூர்வோம்’ என்று அரசு சொன்னது, அவ்வளவுதான். நிலத்தைப் பங்கு போடுவதுபோல ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறையும் என்ற கணக்கு இங்கே பொருந்தாது. ஜூன் மாதத்தைப் பாருங்கள். பூர்வகுடிகள், இத்தாலியர், போர்த்துக்கேயர், பிலிப்பினோக்கள் என நான்கு தரப்பினர் அந்த ஒரே மாதத்தில் இருக்கிறார்கள். யாரும் யாரையும் தள்ளிவிடவில்லை.

‘வெள்ளையருக்கு ஏன் இல்லை’ என்பதற்குச் சுருக்கமான பதில்: இருக்கிறது. ஐரிஷ் மரபு மாதம் மார்ச்சில், ஜெர்மன் மரபு மாதம் அக்டோபரில், இத்தாலிய மரபு மாதம் ஜூனில். ‘வெள்ளையர்’ என்ற பெயரில் இல்லை, வந்த இடத்தின் பெயரில் இருக்கிறது. அது வெறும் பெயர் விளையாட்டும் இல்லை. 1847-இல் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி 38,000-க்கும் மேற்பட்ட ஐரிஷ்காரர் ரொறன்ரோவில் வந்து இறங்கினார்கள். அப்போது நகரத்தின் சனத்தொகையே ஏறத்தாழ 20,000 தான். வந்தவர்களில் 1,100-க்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் இறந்தார்கள். ஏரிக்கரையில் அவர்களுக்கு ஒரு நினைவுப் பூங்கா இருக்கிறது. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் மகனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ‘கறுப்பர்’ என்பது மட்டும் ஏன் நிறத்தின் பெயரில் இருக்கிறது என்று அவன் கேட்கக்கூடும். கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்களின் ஊரும் மொழியும் குலப்பெயரும் அடிமை முறையில் பறிபோயின. கானா மரபு மாதமா நைஜீரியா மரபு மாதமா என்று தெரிந்தெடுக்கும் வசதி அவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

அதற்காக, ‘எங்களை விட்டுவிட்டார்கள்’ என்று உணரும் வெள்ளைக்காரப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பவர்களோடும் நான் சேரமாட்டேன். விக்ரோரியா பிளோட் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வுகளில், வெள்ளை அமெரிக்கர் பலர் பன்மைப்பண்பாடு என்ற சொல்லையே தங்களை வெளியே நிறுத்துகிற சொல்லாக உணர்ந்தது தெரியவந்தது. அவர்களும் அதில் அடக்கம் என்று தெளிவாகச் சொன்னபோது அந்த எதிர்ப்பு தளர்ந்தது. என் வகுப்பிலும் இதைக் கண்டிருக்கிறேன். ‘உங்கள் குடும்பம் எப்போது, ஏன் கனடாவுக்கு வந்தது?’ என்ற கேள்வியை வகுப்பில் எல்லாரிடமும் கேட்கும் வருடத்தில் முறைப்பு இருக்காது. தமிழ்ப் பிள்ளைகளிடம் மட்டும் கேட்டால் இரண்டு பக்கத்தாருக்கும் சங்கடம்.

இந்த வழக்கம் எங்கிருந்து தொடங்கியது என்று பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். கார்ட்டர் வூட்சன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, 1912-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். 1926-இல் பெப்ரவரி இரண்டாம் வாரத்தைக் கறுப்பர் வரலாற்று வாரமாக அறிவித்தவர் அவர்தான். ‘எங்களுக்கு வருடத்திலேயே குட்டி மாதத்தைத் தள்ளிவிட்டார்கள்’ என்று ஒரு பகிடி உண்டு. யாரும் தள்ளிவிடவில்லை. அடிமை முறைக்கு முடிவு கட்டிய ஜனாதிபதி லிங்கனின் பிறந்தநாள் பெப்ரவரி 12. அடிமையாகப் பிறந்து தப்பி, அடிமை ஒழிப்புக்காகப் போராடிய பிரெடெரிக் டக்ளஸ் தன் பிறந்தநாளாகக் கொண்டாடியது 14. அந்த இரண்டு நாட்களையும் கறுப்பர் சமூகம் ஏற்கனவே கொண்டாடிக்கொண்டிருந்தது. இருக்கிற கொண்டாட்டத்துக்குள் படிப்பைக் கொண்டுபோய் வைத்தார் வூட்சன். அந்த வாரம் வருவதற்குள் ஆசிரியர்களுக்குப் பாடக் குறிப்புகளும் படங்களும் அனுப்பினார். வருடம் முழுக்கப் படித்ததை அந்த வாரத்தில் காட்ட வேண்டும் என்பதே அவர் கணக்கு. காலப்போக்கில் வாரம் போய் வருடமாக வேண்டும் என்றும் பேசினார்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த விசயம் வேறு. இந்த வாரம் பிரபலமானவுடனே அதை வைத்துப் பிழைக்க ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. உங்கள் மாணவர்களைவிடக் குறைவாகத் தெரிந்தவர்களைப் பேச்சாளராகக் கூப்பிடாதீர்கள் என்று வூட்சன் ஆசிரியர்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய நூறு வருடத்துக்குப் பிறகு, எங்கள் தைப்பொங்கல் மேடையில் ‘தமிழ் 50,000 வருடம் பழமையானது’ என்று ஒருவர் முழங்க, கீழே இருந்து கைதட்டல் எழுந்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலாகத் தொடர்ந்து எழுதப்பட்டு வரும் மொழி இது. அதற்கு மேலே சேர்க்க எந்தப் பொய்யும் தேவையில்லை.

அமெரிக்காவில் 1976-இல் வாரம் மாதமானது. கனடாவில் 1995 டிசம்பரில் ஜீன் ஓகஸ்டீன் கொண்டுவந்த தீர்மானத்தால் பெப்ரவரி கறுப்பர் வரலாற்று மாதமானது. கனடிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதல் கறுப்பினப் பெண் அவர். இந்த மாதத்தை எதிர்ப்பவர்கள் எல்லாரும் இனவாதிகள் என்று நினைத்துவிடாதீர்கள். நடிகர் மோர்கன் ஃபிரீமன் 2005-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இதைக் கேலிக்கூத்து என்றார். என் வரலாற்றை ஒரு மாதத்துக்குள் அடைப்பதா, கறுப்பர் வரலாறு அமெரிக்க வரலாறுதானே என்பது அவர் வாதம். வூட்சன் போக நினைத்த இடமும் அதுதான். மாதத்தை முதலில் எடுத்துவிட்டால் பாடப்புத்தகம் தானாகத் திருந்திவிடுமா என்பதில் மட்டும் எனக்கு ஃபிரீமனோடு உடன்பாடில்லை. திருந்தியதை நான் பார்த்ததில்லை.

சரி, பயன். பெரும்பாலான மரபு மாத விழாக்களால் பிள்ளைகளுக்குக் கிடைப்பது மிகக் குறைவு என்றே சொல்வேன். நானே நடத்திய பலவும் அதில் அடக்கம். ஒரு நடனம், ஒரு தட்டு வடை, சேலை கட்டிய ஆசிரியைகள், அதிபரின் கரகரத்த ‘வணக்கம்’, ஓர் அரசியல்வாதி, படம். பிப்ரவரி முதலாம் திகதி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அடுத்த இனத்தின் படங்களை ஒட்டுவோம். இதில் கெடுதல் இல்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு, தங்கள் வீட்டு உணவைப் பள்ளியில் மற்றவர்கள் விரும்பிச் சாப்பிடுவதைப் பார்ப்பதே ஒரு தைரியம். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பதினைந்து வயதுப் பையனுக்கு அது போதாது. உங்கள் மகன் அலுத்துக்கொண்டது தமிழின்மேல் வெறுப்பால் இருக்காது, அவனுக்குப் புதிதாக எதுவும் சொல்லப்படாததால் இருக்கலாம்.

ஃபியா சால்ட்டர், கிளென் ஆடம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பர் வரலாற்று மாதத்துக்காக ஒட்டியிருந்த காட்சிப் படங்களைச் சேகரித்து ஒப்பிட்டார்கள். வெள்ளை மாணவர் அதிகமாக இருந்த பள்ளிகளில் தனிமனித சாதனைகளும் ‘பன்மை அழகு’ வகைச் செய்திகளும் மேலோங்கியிருந்தன. கறுப்பின மாணவர் அதிகமாக இருந்த பள்ளிகளில் தடைகளும் போராட்டங்களும் இருந்தன. இரண்டாவது வகையைப் பார்த்தவர்கள்தான் இனப்பாகுபாட்டைக் கூடுதலாக அடையாளம் கண்டார்கள், அதற்கு எதிரான கொள்கைகளையும் கூடுதலாக ஆதரித்தார்கள். ஆக ஒரே மாதம், ஒரே பெயர் இருந்தாலும் சுவரில் எதை ஒட்டுகிறோம் என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது.

என் வகுப்பு அனுபவமும் இதையே சொல்கிறது. ஒரு ஜனவரியில் நடன ஒத்திகைக்கு ஆள் கிடைக்காததால், வேறு வழியில்லாமல் இரண்டு கப்பல் கதைகளைப் பாடமாக்கினேன். 1914 மே மாதம் 376 பேரோடு வன்கூவர் துறைமுகத்துக்கு வந்த கோமகாத்தா மாரு ஒன்று. பெரும்பாலோர் பஞ்சாபிச் சீக்கியர். பிறந்த நாட்டிலிருந்தோ குடியுரிமை உள்ள நாட்டிலிருந்தோ இடையில் நிற்காமல் வந்தவர்களுக்கே அனுமதி என்ற ஒரு விதியைக் கனடா 1908-இலேயே செய்து வைத்திருந்தது. இந்தியாவிலிருந்து அப்படிப் பயணம் செய்ய வழியே இல்லை என்று தெரிந்துதான். இரண்டு மாதம் கரையில் இறங்கவிடாமல் வைத்திருந்து, ஒரு சிலரைத் தவிர எல்லாரையும் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் கப்பல் போய்ச் சேர்ந்தபோது துப்பாக்கிச் சூட்டில் ஏறத்தாழ 20 பேர் இறந்தார்கள். கனடா பிரதமர் நாடாளுமன்றத்தில் இதற்கு மன்னிப்புக் கேட்டது 2016-இல்தான்.

மற்றது 1986 ஓகஸ்ட். நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழரை கஸ் டால்ட்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் காப்பாற்றினார். மேடையில் இந்தக் கதையைச் சொன்னால் இந்த இடத்தில் நிறுத்தி, கனடாவுக்கு நன்றி சொல்லி, கைதட்டி முடித்துவிடுவோம். வகுப்பில் அப்படி நிறுத்த முடியாது. வந்தவர்கள் முதலில் இந்தியாவிலிருந்து நேரே வந்ததாகச் சொன்னார்கள். பிறகுதான் மேற்கு ஜெர்மனியிலிருந்து புறப்பட்டது தெரியவந்தது. உடனே நாடு முழுக்க ஆத்திரம் கிளம்பியது. “எங்கட ஆக்கள் ஏன் சேர் பொய் சொன்னவை?” என்று ஒரு பிள்ளை கேட்டது. “உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பாங்களா?” என்று பஞ்சாபி மாணவன் ஒருவன் திருப்பிக் கேட்டான். அவன் மனதில் 1914 இருந்தது. ஐரிஷ் குடும்பப் பெயருள்ள ஒரு பெண் பிள்ளை 1847-இல் ரொறன்ரோக்காரர் என்ன சொன்னார்கள் என்று தேடப் போனாள். மரபு மாதம் எதற்கு என்று என்னிடம் கேட்டால் அந்த நாற்பது நிமிடத்தைத்தான் காட்டுவேன். அந்த நாளில் வடை இருந்ததா இல்லையா என்பதே இப்போது நினைவில்லை.

ஆனால் என் வகுப்பு ஒன்றை வைத்து, இது பிள்ளைகளின் படிப்பை உயர்த்தும் என்று சொல்லிவிட முடியாது. மரபு மாதத்துக்கு ஆதரவாகப் பலர் எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் மதிப்பெண் குறைந்த ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை சிறுபான்மை இனங்களின் வரலாற்றையும் அனுபவத்தையும் படிக்கும் ஓர் இனவியல் பாடத்தில் சேர்த்தபோது அவர்களின் வருகை 21 சதவீதப் புள்ளிகள் உயர்ந்ததாக தோமஸ் டீ, எமிலி பென்னர் இருவரும் கண்டார்கள். பெரிய உயர்வுதான். ஆனால் அது வருடம் முழுக்க நடந்த ஒரு பாடம், நல்ல தயாரிப்புள்ள ஆசிரியர்கள் நடத்தியது. அந்த முடிவுகளைக் கேள்வி கேட்ட புள்ளிவிவரக்காரர்களும் இருக்கிறார்கள். ஒரு மாதத்து விழாவால் இப்படி நடக்கும் என்பதற்கு அந்த ஆய்வு சான்றில்லை. அதைக் காட்டி யாராவது உங்களிடம் விழாவுக்கு நன்கொடை கேட்டால் விசயத்தைக் குழப்புகிறார்கள் என்று அர்த்தம்.

நியாயத்தைப் பற்றி நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இனங்களுக்கு இடையே இருக்கும் நியாயத்தைவிட, ஓர் இனத்துக்கு உள்ளே இருக்கும் நியாயம்தான் என்னை அதிகம் உறுத்தியது. ‘தமிழ் மரபு’ என்று மேடையேறுவது யாருடைய மரபு? பரதமும் கர்நாடக இசையும் ஏறும். பறை கொஞ்சக் காலமாகத்தான் ஏறுகிறது, அதுவும் முன்பு அதை அடித்தவர்களை எப்படி நடத்தினோம் என்ற பேச்சே இல்லாமல். 1968-இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடக் கேட்டு நின்ற ஒடுக்கப்பட்ட சாதியினரும் தமிழர்தான், கதவை மறித்தவர்களும் தமிழர்தான். அந்தக் கதையை எந்த மரபு மாத மேடையிலும் நான் கேட்டதில்லை. இலங்கையில் 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழரின் கதை ஒரு சுவரொட்டியோடு முடிந்துவிடும். 1990 அக்டோபரில் இலங்கையின் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட தமிழ் பேசும் முஸ்லிம்களின் கதை சுவரொட்டிக்கும் வராது. ஒரு தடவை அதை நிகழ்ச்சியில் சேர்ப்போம் என்று குழுக் கூட்டத்தில் சொன்னேன். “இது கொண்டாட்டம் மாஸ்டர், விசாரணை இல்லை” என்று ஒருவர் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, விழா நன்றாக நடக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு. நானும் அன்றைக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். கனடா தன் பாடப்புத்தகத்தில் கோமகாத்தா மாருவையும், பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டுபோன வதிவிடப் பள்ளிகளையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கிற நாங்கள், எங்கள் சுவரில் மட்டும் நல்ல படங்களையே ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என்னால் தீர்மானிக்க முடியாத ஓர் இடமும் உண்டு. இப்படி மாதம் மாதமாகப் பிரித்துக் காட்டுவது பிள்ளைகளைத் தங்கள் இனப்பெட்டிக்குள் தள்ளுகிறதா என்ற கவலை பழையது. புலம்பெயர்ந்த எழுத்தாளர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். தன்னைக் கனடியன் என்று மட்டும் சொல்லிக்கொள்ள விரும்பிய ஒரு மாணவனை ‘உங்கள் பண்பாட்டைப் பற்றிப் பேசு’ என்று நானே மேடையில் ஏற்றியிருக்கிறேன். அவன் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதே மேடையில் முதல்முறையாகத் தன் முழுப்பெயரைச் சரியாக உச்சரித்துக் கேட்டுப் பூரித்துப்போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். எந்தப் பிள்ளைக்கு எது என்று முன்கூட்டியே சொல்லும் வித்தை என்னிடம் இல்லை. ஆகவே கடைசி வருடங்களில் நான் செய்தது ஒன்றே ஒன்று: யாரையும் கட்டாயப்படுத்துவதை நிறுத்தினேன்.

உங்கள் மகனுக்கும் அதையே சொல்வேன். வேட்டியை அவன் விருப்பத்துக்கு விடுங்கள். அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். 2002-க்கு முன் வந்த குடும்பம் என்றால் வீட்டில் யாருடையதாவது லேண்டிங் பேப்பர், அதாவது கனடாவில் குடியேறியதற்கான பதிவுத் தாள் ஒன்று மடித்து வைத்திருப்பீர்கள். எந்தத் திகதி, எந்த விமான நிலையம், தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அதே வாரத்து ரொறன்ரோப் பத்திரிகைகளை நூலகத்தில் தேடி, எங்களைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று வாசிக்கச் சொல்லுங்கள். என் மாணவி ஒருத்தி இதைச் செய்தாள். ஊரில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்த அவளது அம்மப்பாவின் தாளில் தொழிலாளி என்று இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லி முடிக்க இரண்டு பின்னேரங்கள் எடுத்ததாம். ஆனால் அவனிடம் தாளைக் கொடுப்பதற்கு முன், அது யாருடையதோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் அந்த நாட்களைப் பற்றிக் கதைக்க விருப்பம் இருக்காது.